எதிர்க் கல்லூரி இல்லாத வருடம்

நான் வேலை பார்க்கும் கல்லூரியும் என் கணவர் வேலை பார்க்கும் கல்லூரியும் திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போகிற சாலையில் எதிரெதிரே இருக்கின்றன. இரண்டும் பொறியியல் கல்லூரிகள். இரண்டிலும் பெண்கள் வாலிபால் அணி உண்டு. இந்தப் பக்கத்து அணிக்கு நான் பயிற்சியாளர், அந்தப் பக்கத்து அணிக்கு அவர். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வந்ததில்லை. மண்டலப் போட்டி நடக்கிற மாதத்தில் எங்கள் வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது என்பதைத் தாண்டிப் பேச்சு நீளாது. எந்தப் பெண்ணுக்குக் கணுக்கால் பிசகியிருக்கிறது, யார் புதிதாக வந்திருக்கிறாள் என்று வாய் தவறிச் சொல்லிவிடுவோமோ என்று இருவருமே பயப்படுவோம்.

எங்கள் பல்கலைக்கழகம் தன் கீழே இருக்கிற கல்லூரிகளை ஊர்வாரியாக மண்டலங்களாகப் பிரித்து வைத்திருந்தது. எங்கள் மண்டலத்தில் எத்தனையோ கல்லூரிகள். ஆனாலும் கடைசி ஆட்டத்துக்கு வந்து நிற்பது பெரும்பாலும் நாங்கள் இருவர்தான். அன்றைக்கு மதியத்துக்கு மேல் இரண்டு கல்லூரியிலும் வகுப்பு நடக்காது. பஸ் டிரைவர்கள், கேன்டீன்காரர்கள், லேப் உதவியாளர்கள் எல்லோரும் மைதானத்தைச் சுற்றி நிற்பார்கள். வென்றவர் ஸ்கூட்டரை ஓட்ட, தோற்றவர் பின்னால் உட்கார்ந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்பது எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. அவர் என் பின்னால் உட்கார்ந்து வந்த நாட்களில் பேக்கரி வாசலில் நிற்பவர்கள் கூடக் கை தட்டியிருக்கிறார்கள்.

இது இந்த வருடம் நின்றுபோனது.

மே மாதக் கடைசியில் ஒருநாள் எங்களை எல்லாம் ஏ.சி. ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். தாளாளரின் மகன் மேடையில் நின்றார். அமெரிக்காவில் படித்துவிட்டு வந்து இப்போது நிர்வாகத்தைக் கவனிப்பவர். நல்ல பையன், யாரையும் மரியாதை குறைவாகப் பேச மாட்டார். அடுத்த கல்வியாண்டு முதல் நம் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆகிறது என்று சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். தேர்வைப் பற்றி ஒருவர் கேட்டார், பாடத்திட்டத்தைப் பற்றி ஒருவர் கேட்டார். நான் எழுந்து, "ஜோன் மேட்ச் எப்படிங்க சார்?" என்றேன்.

"இனி நமக்கு ஜோன் கெடையாதுங்க மேடம். நாமளே ஒரு யூனிவர்சிட்டி. நேரா தென்மண்டல யூனிவர்சிட்டிகளுக்கான போட்டிதான். ஆந்திரா, கேரளா, கர்நாடகா டீமோட எல்லாம் ஆடப் போறீங்க."

"அப்ப எதிர்த்த காலேஜ்கூட?"

அவர் சிரித்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஒரு வரைபடத்தைத் தேடித் திரையில் போட்டார். அமெரிக்க வரைபடம். அவருக்குப் பிடித்த விஷயத்தை நான் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அங்கே கல்லூரிகள் ஆடுகிற ஃபுட்பால் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அது நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் சுற்றுவட்டாரத்துப் பல்கலைக்கழகங்களோடு ஒரு குழுவாகச் சேர்ந்து காலங்காலமாக ஆடி வந்ததாம். அந்தக் குழுவுக்குக் கான்பரன்ஸ் என்று பெயர். டி.வி.க்காரர்கள் பெரிய குழுக்களுக்குப் பணத்தைக் கொட்ட ஆரம்பித்ததும், ஒவ்வொன்றாகப் பழைய குழுவை விட்டுப் பெரிய குழுவுக்குத் தாவிவிட்டன. பசிபிக் கரையில் இருக்கிற பல்கலைக்கழகம் இன்று அட்லாண்டிக் கரைக்குப் பறந்து போய் ஆடுகிறது. பத்து என்று பெயர் வைத்த குழுவுக்குள் பதினெட்டு இருக்கின்றன.

"பெருசாகோணும்னா பக்கத்து ஊட்டுக்காரங்களையே பாத்துட்டு இருக்க முடியாதுங்க மேடம்," என்றார்.

நான் உட்கார்ந்துவிட்டேன். திரையில் அம்புக்குறிகள் நாட்டின் குறுக்கே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்தபோது என் கணவர் வாசலில் கிழிந்த வாலிபால் நெட்டை நைலான் கயிற்றால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது?"

சொன்னேன். முடிச்சை இறுக்கி, பல்லால் கயிற்றைக் கடித்துத் துப்பினார்.

"நல்லதுதான. யூனிவர்சிட்டி மேடம் ஆயிட்ட."

"உங்களுக்கும் நல்லதுதானுங்க. இனி வருசா வருசம் கப்பு உங்களுக்குத்தான்."

அவர் நெட்டைச் சுருட்டி மூலையில் வைத்தார், பிறகு ஏதோ நினைத்து மறுபடி பிரித்தார்.

ஜூனில் ஒரு அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் பழைய பல்கலைக்கழகத்திலேயே படிப்பை முடிக்க விரும்புகிறவர்கள் மாற்றுச் சான்றிதழ் வாங்கி வேறு கல்லூரிக்குப் போகலாம். போனவர்கள் கொஞ்சம் பேர்தான். அதில் ஒருத்தி என் அணியின் செட்டர்.

பந்தை அடிக்கிறவளுக்குத் தூக்கிக் கொடுப்பவள்தான் செட்டர். அடிக்கிறவளின் பெயர் வெளியே தெரியும், ஆனால் ஆட்டம் இவள் விரலில் இருக்கும். வாழப்பாடிப் பெண். அப்பா இல்லை, அம்மா அங்கே மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம். மகள் ஆடுகிற எல்லா ஆட்டத்துக்கும் கடையை யாரிடமோ விட்டுவிட்டுப் பஸ் மாறி மாறி வந்துவிடுவார். மகள் சர்வீஸ் போடும்போது மட்டும் பார்க்கமாட்டார், முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். சத்தம் கேட்ட பிறகு, "உள்ள வுழுந்துச்சா?" என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்.

அந்தப் பெண் என் அறைக்கு வந்து நின்றாள்.

"போறேன் மேடம்."

"எங்க சாமி?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே சாலை, சாலைக்கு அந்தப் பக்கம் எதிர்க் கல்லூரியின் வாசல் வளைவு.

"ஏன்?" என்றேன். "நான் ஏதாச்சும் சொன்னேனா?"

"அதெல்லாம் இல்ல மேடம்." கையில் இருந்த படிவத்தை நீட்டினாள். விளையாட்டுத் துறைக்குத் திருப்பித் தர வேண்டியது எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். நான் மைதானத்துக்குப் போய் வெயிலில் சுற்றிச் சுற்றி நடந்தேன். உட்கார முடியவில்லை.

சாயங்காலம் வீட்டில் கேட்டேன். "நீங்க கூப்புட்டீங்களா அவள?"

"இல்ல."

"நெசமாலுமா?"

"இல்லைன்னு சொல்லிப்போட்டனே புள்ள. இன்னும் என்ன?"

அவர் பொய் சொல்பவர் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்ன விதத்தில் ஏதோ மிச்சம் இருந்தது. அதைக் கேட்க எனக்கும் வீம்பு, சொல்ல அவருக்கும் வீம்பு. மண்டலப் போட்டி மாதத்தில் மட்டும் இருந்த மௌனம் இந்த முறை ஜூனிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

இதற்கு நடுவில்தான் அவர் அந்த அமெரிக்க ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார். தாளாளரின் மகன் சொன்னதை நான் வீட்டில் சொல்லியிருந்தேன். அது அவருக்குள் எங்கோ போய்த் தைத்துவிட்டது. செப்டம்பரில் அங்கே ஆட்டங்கள் தொடங்கின. அவர்களுக்குச் சனிக்கிழமை ராத்திரி, நமக்கு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. பால்காரர் வருகிற நேரத்துக்கு டி.வி.யில் இன்டர்நெட்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். முதலில் எதற்குப் பார்க்கிறார் என்றே எனக்குப் புரியவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்டம் நிற்கிறது, எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் விழுகிறார்கள். காபியோடு நானும் போய் உட்கார்ந்தேன். பேசாமல் இருவரும் ஒரே திசையைப் பார்க்க அது வசதியாக இருந்தது.

மெல்ல மெல்ல விதிகளைக் கற்றுக்கொண்டார். எனக்கும் கொஞ்சம் பிடிபட்டது. பசிபிக் பக்கத்துக் குழுவிலிருந்து எல்லோரும் தாவிப் போனபோது, இரண்டு பல்கலைக்கழகங்களை மட்டும் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லையாம். இரண்டும் பெரிய நகரத்திலிருந்து ஒதுங்கிய ஊர்களில் இருப்பவை, விவசாயப் படிப்புக்குப் பேர்போனவை. அவர் அந்த இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"குழுவுக்கு ரெண்டே பேரு மிச்சம் புள்ள. ஆளு இல்லாம இந்த வருசம் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ரெண்டு தடவ ஆடிக்குதுங்க," என்றார். ஜூனுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

இன்னொரு ஞாயிறு, பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டார்கள். ஒரே மாநிலத்தைச் சேர்ந்த இரண்டு பல்கலைக்கழகங்கள், பிரிந்து போவதற்கு முன்னால் ஒரே குழுவில் ஆடிய கடைசி ஆட்டம். ஆட்டம் முடிந்த பிறகும் ஒரு வயதான தம்பதி இருக்கையை விட்டு எழவில்லை. அந்தப் பெரியவர் ஒரு நிறச் சட்டை, அந்த அம்மா வேறு நிறச் சட்டை. கேமரா ஒரு நொடிதான் காட்டியது. என் கணவர் ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டு, "மோட்டார் போட்டுட்டு வாரேன்" என்று எழுந்து போனார். தொட்டி ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

அக்டோபரில் என் அணியோடு ஆந்திராவுக்குப் போனேன். கடலோரத்தில் ஒரு பல்கலைக்கழகம். சேலம் ஜங்ஷனில் ராத்திரி ரயில் ஏறி, மறுநாள் பகல் முழுக்க ஓடிப் போய்ச் சேர்ந்தோம். தோற்றால் அன்றே வெளியே போகிற போட்டி. எங்கள் எதிரே கேரளாவிலிருந்து வந்த அணி. அதில் இரண்டு பெண்கள் இந்திய அணி முகாமுக்குப் போய் வந்தவர்கள். அவர்கள் அடித்த பந்தை என் பெண்கள் கண்ணால் தொடர்ந்தார்கள், கையால் தொட முடியவில்லை. புதிய செட்டர் முதல் வருடப் பெண், பந்தைக் கொடுக்கும் முன்னாலேயே என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மூன்று செட்டும் போய்விட்டது.

நாங்கள் பைனல் வரை போவோம் என்ற நம்பிக்கையில் கல்லூரி அலுவலகம் திரும்பும் டிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமைக்குப் போட்டிருந்தது. அன்றைக்கு வியாழன். ஆட்டமும் இல்லை, ஊரும் தெரியாது. தங்கக் கொடுத்த ஹாலில் பாயை விரித்துப் படுத்தோம், எழுந்தோம், மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தோம். தோற்றதைவிட அது மோசமாக இருந்தது. எதிர்க் கல்லூரியிடம் தோற்றால் மறுநாள் காலையிலேயே எதை மாற்ற வேண்டும் என்று தெரியும். இந்தக் கேரளப் பெண்களை என் பிள்ளைகள் வாழ்க்கையில் இன்னொரு முறை பார்க்கப் போவதில்லை. யாரை நினைத்து அடுத்த நாள் பயிற்சி செய்வது?

அவர் போன் செய்தார்.

"என்னாச்சு புள்ள?"

"முடிஞ்சு போச்சுங்க."

"அப்பப் பொறப்பட்டாச்சா?"

"டிக்கெட் ஞாயித்துக்கெழமைக்குத்தானுங்க."

"புள்ளைங்களக் கடல்ல ரொம்ப உள்ள உடாத" என்றார்.

திரும்பி வந்த சில வாரங்களில் மண்டல இறுதி ஆட்டம் எதிர்க் கல்லூரி மைதானத்தில் நடந்தது. அவர் அணி சுலபமாக அங்கே வந்திருந்தது. அன்று மதியம் நான் என் மைதானத்தில் முதல் வருடப் பிள்ளைகளுக்குக் கபடிக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். சாலைக்கு அந்தப் பக்கமிருந்து விசில் கேட்டது. பந்து விழுகிற சத்தம், பிறகு கைதட்டல். கைதட்டல் சோம்பலாக இருந்தது. எத்தனை வருடமாக அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றவள், சுண்ணாம்பு வாளியோடு இங்கே என்ன செய்கிறேன்? வாளியை வைத்துவிட்டு, அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

சாலையில் போர்வெல் ரிக் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன, வடக்கே எங்கோ நீண்ட பயணம் போகிறவை. அவை கடக்கும் வரை நின்றேன். திரும்பிப் போய்விடலாமா என்றுகூட ஒருமுறை தோன்றியது.

பார்வையாளர் படிக்கட்டு பாதி காலியாக இருந்தது. எதிரணி ஆத்தூர்ப் பக்கத்துப் புதிய கல்லூரி, முதல்முறையாகப் பைனலுக்கு வந்தவர்கள். பனியனில் எண்களைத் துணி வெட்டித் தைத்திருந்தார்கள். அவர்களுக்காகக் கைதட்ட ஒரு ஆள்கூட இல்லை. பயிற்சியாளர் சின்னப் பெண், பயத்தில் விசிலை வாயிலேயே வைத்திருந்தாள். என் கணவர் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டத்தின்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. முதல் செட் அவர் அணிக்கு.

மூன்றாவது படியில் அந்த அம்மா இருந்தார், வாழப்பாடியிலிருந்து வந்த செட்டரின் அம்மா. என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார்.

"கோவமா மேடம்?" என்றார் உடனே.

"இல்லைங்க. கோவம் என்ன?"

"நான்தான் மாறச் சொன்னேன். அவ வேணான்னுதான் சொன்னா. இனிமே ஆந்திரா, கேரளான்னு போயிட்டா நான் எப்படி மேடம் வந்து பாக்கறது? அங்கல்லாம் எனக்கு வழி தெரியுமா? இங்கன்னா ரெண்டு பஸ்ஸு." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டார். "சாருகிட்ட வந்து கேட்டோம். ரெண்டு வாட்டி திருப்பி அனுப்பிட்டாரு. மேடம்கிட்டச் சொல்லாம சேத்துக்க மாட்டேன்னாரு. இவளுக்கு உங்க மூஞ்சியப் பாத்துக் காரணத்தச் சொல்ல முடியல. நான் சாரு கைய புடிச்சுக் கேட்டுக்கிட்டேன், நாங்க வந்து கேட்டத மேடம்கிட்டச் சொல்லிடாதீங்கன்னு."

அவர் சொல்லாமல் வைத்திருந்த மிச்சம் இவ்வளவுதான். கீழே, அவர் கொட்டாவி விட்டார்.

அந்தக் கொட்டாவியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த பந்து மேலே போனது. என் பழைய செட்டர் அதன் கீழே வந்தாள். பந்தைத் தன் முதுகுக்குப் பின்னால் தூக்கிக் கொடுக்கப் போகிறாள் என்றால் அவள் இடது தோள் லேசாக இறங்கும். இரண்டு வருடம் சொல்லியும் மாற்ற முடியாத பழக்கம். தோள் இறங்கியது. நான் எழுந்து ஆத்தூர்ப் பெண்களைப் பார்த்து, "பின்னால! பின்னால போறா!" என்று கத்தினேன்.

அவர்கள் இருவர் ஓடிப் போய்த் தாவினார்கள். பந்து அவர்கள் கையில் பட்டு அடித்தவர்கள் பக்கமே விழுந்தது.

மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மா என் புடவையைப் பிடித்து இழுத்தார். "என்ன மேடம், எம்பொண்ணுக்கு எதிரா கத்தறீங்க!"

"அவங்களுக்கும் யாராச்சும் கத்தோணுமில்லீங்க."

செட்டர் என்னைப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. அடுத்த முறையும் தோள் இறங்கியது, மறுபடி கத்தினேன், மறுபடி தடுத்தார்கள். ஆத்தூர்ப் பெண்களுக்கு உயிர் வந்தது. அவர்களுடைய சின்னப் பயிற்சியாளர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவளும் கத்த ஆரம்பித்தாள். சத்தம் கேட்டு ஆபீஸ் பக்கத்திலிருந்தும் கேன்டீனிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இரண்டாவது செட் ஆத்தூருக்குப் போனது.

என் கணவர் நாற்காலியை விட்டு எழுந்தார். கோட்டோரமாக நடக்க ஆரம்பித்தார், திரும்பினார், மறுபடி நடந்தார். "தோளப் பாரு அம்மிணி! தோளு!" என்று அந்தப் பெண்ணிடம் கத்தினார். எத்தனையோ நாளாகக் காணாத முகம் அது. என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். அந்த முறைப்புக்காகவே நான் சாலையைக் கடந்து வந்திருக்கிறேன் என்று தோன்றியது.

மூன்றாவது செட்டில், இருபது புள்ளியைத் தாண்டிய இடத்தில், அவள் மறுபடி பந்தின் கீழே வந்தாள். இடது தோள் இறங்கியது. "பின்னால!" என்றேன். ஆத்தூர்ப் பெண்கள் அவள் முதுகுப் பக்கம் ஓடினார்கள். அவள் விரலைத் திருப்பி முன்பக்கமே கொடுத்தாள். தடுக்க ஆளே இல்லாமல் பந்து தரையில் அறைந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதோடு ஆட்டம் என் கணவர் அணியின் கைக்கு வந்துவிட்டது. நான்காவது செட்டில் முடிந்தது. ஆத்தூர்ப் பெண்கள் தோற்றுவிட்டுப் பைனலை வென்றவர்கள் மாதிரிக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவர்களுடைய பயிற்சியாளர் என்னிடம் ஓடி வந்து, "நீங்க எந்தக் காலேஜ் மேடம்?" என்றாள். சாலைக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினேன். "அடுத்த வருசம் உங்ககூட ஆடுவோமா?" என்று ஆசையாகக் கேட்டாள். இல்லை என்று சொல்ல மனம் வராமல் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன்.

செட்டர் வந்து பக்கத்தில் நின்றாள். "கத்திட்டீங்களே மேடம்."

"நான் சொல்லிச் சொல்லிப் பாத்தேன், மாத்துனியா? இப்ப மாத்துனியில்ல?" என்றேன். அவள் அம்மா நடுவில் புகுந்து, "கடைசி சர்வீஸ் உள்ளதான வுழுந்துச்சு?" என்று கேட்டார்.

அன்றைக்கு வீட்டில் வெகுநேரம் சண்டை போட்டோம், ஆட்டத்தைப் பற்றி. நான் இரண்டாவது செட்டில் ஆளை மாற்றியிருக்க வேண்டும் என்றேன், அவர் படியில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு எல்லாம் சுலபம் என்றார். பிறகுதான் கேட்டேன். "அந்தம்மா சொன்னத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிச்சு. என்ன பண்றது?"

"நான் என்னென்னமோ நெனச்சுட்டனுங்க."

"தெரியும் புள்ள," என்றார். "நீ நெனைக்கறது எனக்குக் கேட்டுட்டேதான் இருந்துச்சு."

மறுவாரம் நான் முதல்வரிடம் போய், எதிர்க் கல்லூரியோடு ஒரு நட்புப் போட்டி நடத்த அனுமதி கேட்டேன். அவர் தாளாளரின் மகனைக் கேட்கச் சொன்னார். மறுப்பார் என்று நினைத்தேன். அவர் சந்தோஷமாக, "அமெரிக்காவுலயும் பிரிஞ்சு போன காலேஜுங்க இப்பத் தனியா தேதி போட்டு ஆடிக்கறாங்க மேடம், நடத்துங்க" என்றார். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்று முடிவானது.

இதை வீட்டில் சொல்ல வந்த அன்று என் கணவரிடமும் ஒரு செய்தி இருந்தது. அவர்கள் கல்லூரியும் பல்கலைக்கழகம் ஆக விண்ணப்பித்திருக்கிறது. கிடைத்துவிட்டால் அவர்களும் தென்மண்டலப் போட்டிக்கு வருவார்கள். குலுக்கலில் யார் எந்தப் பக்கம் விழுவார்கள் என்று தெரியாது. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ரயிலில் போய், எங்கோ மொழி தெரியாத ஊரில் நாங்கள் எதிரெதிரே நிற்கலாம். நிற்காமலும் போகலாம்.

"அப்ப அந்த வாழப்பாடியம்மா?" என்றேன்.

அவருக்கும் அதே யோசனைதான். வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டிருந்தார். நானும் எழுந்து நடக்க ஆரம்பித்தேன். சின்ன வீடு, இரண்டு பேர் நடந்தால் இடித்துக்கொள்ளும்.

"அந்தம்மா பொண்ணு படிப்பு முடியறதுக்கு இன்னும் எத்தன வருசம் புள்ள?" என்று கேட்டுவிட்டு, "தை மேட்சுக்குப் பின்வரிசையில பந்தெடுக்க யார லிபரோவாப் போடப்போற?" என்றார்.

"அதெல்லாம் உங்ககிட்டச் சொல்ல முடியாதுங்க," என்றேன்.